மூன்றாவது குண்டன்

நவ. 2, வியாழன்

காலையிலிருந்து தூறல். கல்லறைத் திருநாள். மாமனார் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்தேன். மெழுகுவத்தி மூன்று ஏற்றினேன், மூன்றும் அணைந்தன. கிழவர் உயிரோடு இருந்தபோதும் நான் வைத்தது எதையும் முதல் தடவையில் ஏற்றுக்கொண்டதில்லை.

வாங்க வேண்டியது: உப்பு, தீப்பெட்டி, குடைக்கு ஒரு கம்பி, கற்பூரம். கற்பூரம் வீட்டுக்கு இல்லை. ஏகாம்பரம் கேட்டார்.

நாளை எங்கள் இரும்பு வார்ப்புப் பட்டறையில் உலை மூட்டுகிறார்கள். ஈஸ்டர் முடிந்ததும் அணைந்த உலை. பம்பு கம்பெனி ஆர்டரை நிறுத்தியதும் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருத்தர் ஆவடியில் கொத்து வேலைக்கு. ஒருத்தர் பூந்தமல்லி சந்தையில் மூட்டை தூக்க. ஏகாம்பரம் மட்டும் எங்கும் போகவில்லை. மண் அச்சு கட்டுவதில் அவர்தான் தலை ஆள். அயப்பாக்கத்துக்காரர், ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம்; நிலம் இப்போது வீட்டுமனை. தினமும் காலையில் அம்பத்தூர் வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பீடி குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்.

இப்போது துறைமுகத்து ஆர்டர். அங்கே பழைய கரை ஒன்றைப் புதுப்பிக்கிறார்கள். கிடங்குகளை இடித்து, கல் பாவி, விளக்கு நட்டு, பெரிய திட்டம். ஒரு பெரிய காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஒருவர், அவருக்கும் கீழே ஒருவர், எல்லோருக்கும் கீழே நாங்கள். கப்பல் கரைக்கு வந்தால் கயிற்றை எதிலாவது மாட்ட வேண்டுமே, அந்த இரும்புக் கட்டை. டிராயிங்கில் பொல்லார்டு. பட்டறையில் எல்லோருக்கும் அது ‘குண்டன்’. இடுப்பு உயரம், குட்டைக் கழுத்து, தலையில் தொப்பி. என் வீட்டுக்காரருடைய பெரியப்பாவேதான்.

காண்ட்ராக்டர் கொடுத்த கலர் படத்தை இவர் ஆபீஸ் அறையில் ஒட்டி வைத்திருக்கிறார். மரங்கள், பெஞ்சு, ஐஸ்கிரீம் வண்டி, பலூன், தலைப்பு பறக்கிற ஒரு பெண், குண்டன் மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு குழந்தை. கடல் கொஞ்சம் அதிகமாகவே நீலம்.

“கடல் எங்க, அம்பத்தூர் எங்க. அங்க கல்லு பதிச்சா இங்க உலை எரியுது பாத்தியா ரோசி” என்றார். இவர் சிரித்துப் பார்த்தே எத்தனை மாதம்.

நவ. 3

முதல் வெள்ளி. பூசை முடிந்து நேரே பட்டறை. மழை இல்லை, வெயிலும் இல்லை.

ஐந்து அச்சுகள் வரிசையாக. ராத்திரி முழுக்கக் கரி நெருப்பு வைத்து மண்ணை உலர்த்தியிருந்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு பெட்டி. கீழ்ப் பெட்டிமேல் மேல் பெட்டியைக் கவிழ்த்து மூட வேண்டும். இரண்டை மூடியாயிற்று. மூன்றாவது திறந்தபடி கிடந்தது. எல்லோரும் டீ குடிக்க எதிரே சரசு கடைக்குப் போனார்கள்.

கைப்பையில் வேளாங்கண்ணித் தீர்த்தம், திருவிழாவுக்குப் போனபோது பிடித்து வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். சிலுவை போட்டு, அச்சுக்குள் தெளித்தேன். இத்தனை நாள் கழித்து வேலை கொடுத்த மாதாவிடம் கஞ்சத்தனம் எதற்கு என்று தோன்றியது. பாட்டிலில் இருந்ததில் பாதியை ஊற்றினேன். மண் சட்டென்று குடித்துவிட்டது, தடம்கூட இல்லை. மனசு நிறைந்துபோயிற்று.

மதியம் இரும்பு ஊற்றினார்கள். இன்றைக்கு மூன்று, மீதி நாளை. முதல் இரண்டும் சத்தமில்லாமல் நிரம்பின. மூன்றாவது மட்டும் உள்ளே களகளவென்று கொதித்தது. மேல் துளையில் பொறி தெறித்தது. எல்லோரும் ஒரு எட்டு பின்னால் போனார்கள்.

“இன்னாடா இது, இது மட்டும் கொதிக்குது” என்றார் ஏகாம்பரம்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மாதா ஏற்றுக்கொண்டாள். எழுதி வைக்கிறேன்.

நவ. 4, சனி

நாலாவதும் ஐந்தாவதும் முடிந்தது. ஏகாம்பரம் கற்பூரம் கொளுத்தி உலையைச் சுற்றிக் காட்டினார். நான் கும்பிட்டுக்கொண்டேன். யார் கேட்கப் போகிறார்கள்.

சரசு கடைக்கு இரண்டாவது பெஞ்சு வந்திருக்கிறது. பால் கூடுதலாக வாங்குகிறாளாம். கரிக் கடைக்காரர் தானே வந்து வணக்கம் சொன்னார், ஜூன் மாதம் எங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடந்தவர். மரத்தில் மாதிரி செய்து கொடுக்கிற ஆசாரிக்கும் வேலை. மூட்டை தூக்கப் போனவர் சந்தையை விட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

சாயங்காலம் தலைவலி. சுக்கு.

நவ. 5, ஞாயிறு

தம்பி வந்தான். ஆரோக்கியம். ராயபுரத்திலிருந்து ரயில் பிடித்து, திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து நடந்து, கையில் சங்கரா மீன். துறைமுகத்தில் கயிறு பிடிக்கிற காங்கில், அந்த ஆள் கூட்டத்தில், இருக்கிறான். கப்பலிலிருந்து வீசுகிற கயிற்றை இழுத்துவந்து கரையில் மாட்டுகிற வேலை. நிரந்தரம் இல்லை, கூப்பிட்டால்தான். கிறிஸ்துமஸ் கழிந்து கல்யாணம். வேலை நிரந்தரமாகும் என்ற பேச்சில்தான் பெண் வீட்டார் சரி சொன்னார்கள்.

“இன்னா நடக்குதுன்னே தெர்லக்கா. அந்தக் கரைய சுத்தி தகரம் வச்சி மறச்சிக்கினு கீறானுங்கோ. ஆனா மேஸ்திரி சொல்ட்டாரு. தொறந்தவொடனே பெரிய பெரிய கப்பலாம். நம்ம காங்குக்குத்தான் வேல. பர்மனெண்டு.”

அங்கே நிற்கப்போவது எங்கள் குண்டன்கள் என்றேன். கையில் இருந்த சோற்றோடு எழுந்து நின்றுவிட்டான்.

“மெய்யாலுமா? அப்ப மொத கயிறு நான்தான் போடுவேன். எங்கக்கா ஊட்டுக் கட்டைல வேற எவனையும் போடவுட மாட்டேன்.”

தீர்த்தம் ஊற்றியதை அவனிடம் மட்டும் சொன்னேன். “மூணாவதா? அதாங்க்கா என்து” என்றான்.

சாப்பிடும்போது கயிற்றுக் கதை. கப்பல் இழுக்கும்போது கயிறு பாடுமாம். ங்ங் என்று. பாட ஆரம்பித்தால் ஓடிவிட வேண்டுமாம். வேறு ஏதோ ஊரில் ஒரு தடவை கயிறு அறுந்துபோகவில்லை, கட்டையே கழுத்தில் ஒடிந்து கயிற்றோடு பறந்ததாம்.

“வெளில பாத்தா ராஜா மாரி இருந்துச்சாம். உள்ள ஓட்ட. பக்கத்துல நின்ன ஆளு…” மீன் முள்ளை எடுத்து இரண்டாக ஒடித்துக் காட்டினான்.

“சோத்துல உக்காந்து பேசற பேச்சா இது” என்று திட்டினேன். சிரித்துக்கொண்டே இரண்டாவது தடவை குழம்பு கேட்டான்.

நவ. 7, செவ்வாய்

கனமழை. தெருவில் முழங்கால் தண்ணீர்.

காண்ட்ராக்டர் விளக்குக் கம்பத்துக்கு அடிப்பீடமும் கேட்டிருக்கிறார். அதற்கான அச்சுகள் திறந்து கிடந்தன. கரி கொண்டுவந்த ஆள் தலையில் நனைந்த சாக்கோடு பக்கத்தில் வந்தான். இவர் போட்ட சத்தத்தில் நானே ஆபீஸிலிருந்து ஓடி வந்தேன்.

“அச்சுகிட்ட வராதய்யா! ஒரு சொட்டு உள்ள விழுந்தா போதும். இரும்பு ஊத்தும்போது ஆவியாகி உள்ளயே மாட்டிக்கும். மேல பாத்தா பளபளன்னு இருக்கும், உள்ள சொத்தைப் பல்லு. நமக்கே தெரியாது!”

கேட்டுக்கொண்டு நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் பட்டறையில் பில் எழுதுகிறேன், டீ வாங்கித் தருகிறேன், இது மட்டும் தெரியாது. யாரும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

சொத்தைப் பல்லு. ராஜா மாரி இருந்துச்சாம். உள்ள ஓட்ட.

நவ. 8, புதன்

தூக்கமில்லை. ஜெபமாலை நடுவில் எண்ணிக்கை தப்பி, திரும்ப ஆரம்பித்து, மறுபடி தப்பி.

பயப்பட வேண்டாம் என்பதற்குக் காரணங்கள்:

தண்ணீர் கொஞ்சம்தான். (பாதி பாட்டில்.)

அச்சு சூடாக இருந்தது, ஊற்றுவதற்குள் காய்ந்திருக்கும். (அப்படியென்றால் ஏன் கொதித்தது?)

அது தீர்த்தம். (எழுதவே கூச்சமாக இருக்கிறது. மாதா தண்ணீரை ஆசீர்வதிப்பாள். ஆவியை என்ன செய்வாள்.)

குண்டன்கள் கறுப்பு பெயின்ட் அடித்து வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் நம்பர். மூன்றாவதைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று, ஐந்தில் அதுதான் அழகு. அது இன்னும் பயமாக இருந்தது.

இவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இந்த மனுஷன் ஏழெட்டு மாதம் கழித்து இப்போதுதான் மீசையைச் சரியாக வெட்டிக்கொள்கிறார்.

குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

நவ. 10, வெள்ளி

காலை லாரி வந்து ஐந்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சொல்லலாம் சொல்லலாம் என்று நின்றேன். லாரி முனை திரும்பிய பிறகும் நின்றேன்.

மத்தியானம் ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டேன். அவர் மண் சலித்துக்கொண்டிருந்தார். சலிப்பதை நிறுத்தி, அப்படியே தரையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அழுதார்.

“அதான் கொதிச்சிதா. அப்ப என் கை கெட்டுப் போவல. நான் சரியா காயவைக்கல, நமக்கு வயசாயிடுச்சி, இனிமே இந்த வேல நமக்கு இல்லன்னு நெனச்சிக்கினு ராவெல்லாம் முழிச்சிக்கினு கீறேம்மா.”

மன்னிச்சிடுங்க என்றேன். கையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மண்ண ஒதறசொல்ல கழுத்தாண்ட ஒரு ஓட்ட இருந்திச்சி. சுண்டுவெரல் போவும். எம்மாம் ஆழம்னு தெர்ல. அடச்சிட்டேன்.”

சின்னத் துளை என்றால் மெழுகும் இரும்புத் தூளும் குழைத்து அடைத்துத் தேய்த்துவிடுவது வழக்கம். எல்லாப் பட்டறையிலும் உண்டு. பம்பு மூடிக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது போதும். தன் கைத்தப்பு என்று நினைத்துக்கொண்டு, மறுபடி பட்டறை மூடிவிடக்கூடாதே என்று அடைத்திருக்கிறார்.

ஆக ஓட்டை உண்டு. இதுவரை பயம் மட்டும்தான், இன்று முதல் உண்மை. அதுவும் கழுத்தில்.

“அய்யாகிட்ட சொல்லாத” என்றார். “சொல்லிடு” என்றார் உடனே. பிறகு, “உன் இஸ்டம்.”

நவ. 12, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் வெளியே வந்துவிட்டேன். தீர்த்தம் ஊற்றியது என்ன பாவம் என்று சாமியாரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். முதலில் கோபம். ஏகாம்பரத்தின் மேல், என் மேல், வேளாங்கண்ணி போகலாம் என்று சொன்ன என் பெரியம்மா மேல். பிறகு கோபம் போய் முகம் வெளிறிவிட்டது.

“ஒண்ணுல ஓட்டைன்னு சொன்னா அஞ்சையும் சந்தேகப்படுவான். கம்பத்து ஆர்டரும் போயிடும். எல்லாரையும் திரும்ப வீட்டுக்கு அனுப்பணும். என்னால முடியாது ரோசி.”

“ஆரோக்கியம்தாங்க மொத கயிறு போடறான்.”

“அவனை வேணாம்னு சொல்லிடு. அன்னிக்கு லீவு போடட்டும்.”

“அவன் இல்லன்னா இன்னொருத்தன் நிப்பான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா.”

மதியச் சாப்பாடு இரண்டு தட்டும் அப்படியே இருந்தது. பூனைக்குக் கொண்டாட்டம்.

நவ. 14, செவ்வாய்

மழை விட்டது. துணி காய்ந்தது.

எதைப் பார்த்தாலும் பயம். சரசு, “கடலாண்ட கல்லு போட்டானுங்கோ, என் அடுப்புல பாலு பொங்குதும்மா” என்று சிரிக்கிறாள். போன வாரம்வரை எனக்கும் இதே பேச்சுதான். இப்போது அவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு முகமும் என்னைக் கேட்கிற மாதிரி இருக்கிறது, சொல்லப் போறியா, எங்க சோத்துல மண்ணு போடப் போறியா என்று. சொன்னால் இவர்கள். சொல்லாவிட்டால் அங்கே கரையில் யாரோ. யாரோ என்ன, என் தம்பி.

எதிர்வீட்டுக்குப் போன் வந்தது. ஆரோக்கியம்.

“அக்கா, திறப்பு விழா இந்த மாசக் கடைசிலயாம். பொண்ணூட்டுக்காரங்களையும் இட்டாரேன். மூணாம் நம்பர் பக்கத்துலயே நிக்க வெக்கிறேன். அவங்க பாக்கட்டும், மாப்ள இன்னா வேல செய்றாருன்னு.”

“அங்க நிக்க வேணாம்டா.”

“ஏங்க்கா?”

“கூட்டமா இருக்கும்.”

“கூட்டம்னாத்தாங்க்கா கெத்து” என்று வைத்துவிட்டான். நான் போனைப் பிடித்தபடியே நின்றேன்; எதிர்வீட்டம்மா என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமை கம்ப அடிப்பீடங்களோடு லாரி போகிறது. நானும் போகிறேன். இவரிடம் கேட்கப் போவதில்லை.

நவ. 16, வியாழன்

காலை கிளம்பும்போது ஏகாம்பரமும் லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் சுத்தியல். “தட்டிப் பாக்கலாம். நல்ல இரும்பு மணி மாரி பேசும். ஓட்ட இருந்தா தொப்புனு விழும்” என்றார்.

தகரத்துக்கு உள்ளே விட்டார்கள். படத்தில் இருந்த கல் தரை, பாதி பாவியிருந்தது. பெஞ்சுகள் வந்துவிட்டன. எங்கள் குண்டன்கள் ஐந்தும் நட்டாகிவிட்டது, கரையோரமாக, இடைவெளி விட்டு. சாக்பீஸ் நம்பர் மழையில் அழிந்திருந்தாலும் மூன்றாவதை அடையாளம் தெரிந்தது. பெற்ற பிள்ளை மாதிரி.

ஏகாம்பரம் தட்டினார். தொப். அடுத்ததைத் தட்டினார். தொப். அடுத்ததும் தொப். ஐந்துமே. நட்டபிறகு குண்டன்களின் வெற்று வயிற்றுக்குள் கான்கிரீட் ரொப்பிவிட்டிருக்கிறார்கள். இனி எந்தக் காதாலும் கண்டுபிடிக்க முடியாது.

சத்தம் கேட்டு இஞ்சினியர் வந்தார். சின்ன வயசு, மஞ்சள் தொப்பி. “என்ன செய்றீங்க?” என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தீர்த்தம், கொதித்தது, ஓட்டை, மெழுகு, எல்லாம். இதை எடுத்துவிடுங்கள், வேறு வார்த்துத் தருகிறோம், ஆர்டரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று கை கூப்பினேன். ஏகாம்பரம் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார்.

இஞ்சினியர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நல்ல மாதிரியான சிரிப்பு.

“இதுக்காம்மா இவ்வளவு தூரம் வந்தீங்க? கொஞ்சம் எட்டிப் பாருங்க.”

கரை விளிம்பில் எட்டிப் பார்த்தேன். கீழே கடல் இல்லை. அதாவது இருக்கிறது, கணுக்காலுக்கு. அடியில் கல்லைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். ஒரு தோணிகூட வர முடியாது.

“இங்க இனிமே கப்பலே வராதும்மா. அதெல்லாம் வேற இடத்துக்குப் போகுது. இது ஜனங்க காத்து வாங்க, நடக்க, உக்கார. ஓட்டலு, கடை, போட்டிங். எவ்ளோ பேருக்கு வருமானம் தெரியுமா? இந்தக் கட்டை சும்மா பார்வைக்கு. பழைய துறைமுகம்ங்கற ஞாபகத்துக்கு. ரெண்டு சுத்து கயிறு கட்டிவிட்டா அழகா இருக்கும்.”

“அப்ப எதுக்கு சார் அம்மாங் கனமா போடச் சொன்னீங்கோ?” என்று ஏகாம்பரம் கேட்டார்.

“நிஜம் மாதிரி இருக்கணும்ல.”

லேசாகிப் போனேன். ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன். பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிஷம் நான் பறந்தேன்.

பிறகு கேட்டேன். “கயிறு பிடிக்கிற ஆளுங்க இருக்காங்களே, அவங்க?”

“இங்க அவங்களுக்கு என்ன வேலை? அந்த காங்கையெல்லாம் வருஷக் கடைசியோட நிறுத்தறாங்கன்னு கேள்வி. வாட்ச்மேனுக்கு ஆள் எடுப்பாங்க, வேணும்னா சொல்லுங்க.”

லாரியில் திரும்பும்போது ஏகாம்பரம் சுத்தியலைக் காலுக்கடியில் போட்டுவிட்டார். “அம்மாம் பக்குவமா காயவச்சேன்” என்றார் வில்லிவாக்கம் தாண்டும்போது.

நவ. 17

இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார். மாதாவுக்கு ஒரு பாக்கெட் மெழுகுவத்தி வாங்கணும் என்றார்.

“ஆரோக்கியம்?” என்றேன்.

சிரிப்பு நின்றது. கை கழுவிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய், சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். மரம், பெஞ்சு, பலூன், குண்டன் மேல் குழந்தை. அத்தனை நீலக் கடலில் ஒரு கப்பல் இல்லை. தினமும் பார்த்த படம்.

“நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்றார்.

“நான்தான் சொல்லணும்.”

கம்பத்து அடிப்பீடம் நன்றாக இருக்கிறதாம். இன்னும் கேட்டிருக்கிறார்கள். குண்டன்களும் வேண்டுமாம், அடுத்த கரைக்கு. அப்படியென்றால் அந்தக் கரையையும் தூர்க்கப் போகிறார்கள். எங்கள் உலை எரிய எரிய அங்கே கரை கரையாகக் கப்பல் வருவது நின்றுபோகும். ஆர்டரைக் கேட்டுச் சந்தோஷப்படலாமா கூடாதா என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

நவ. 19, ஞாயிறு

வெயில். ஊறுகாய் ஜாடியை மாடியில் வைத்தேன்.

பதினொரு மணிக்கு ஆரோக்கியம் வந்தான். புதுச் சட்டை. பெண் வீட்டாருக்கும் ஒரு கிலோ இறால் கொடுத்துவிட்டு வந்தானாம். இவர் அவனைப் பார்த்ததும், கரிக் கடைக்குப் போகணும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கரிக் கடை.

பையிலிருந்து ஒரு முழம் கயிறு எடுத்தான். புதுசு, வெள்ளை, மணிக்கட்டு கனம். காங்கில் மிஞ்சிய துண்டாம்.

“இதுலயும் கொஞ்சம் தெளிச்சிக் குட்றீயா. மொத கயிறு போடசொல்ல இத்த இடுப்புல கட்டிக்கிறேன்.”

மீதி பாட்டில் மாதா படத்துக்கு முன்னால்தான் இருந்தது. எடுத்து வந்தேன். தெளித்ததில் கயிற்றில் பாதி, அவன் சட்டையில் பாதி. “போதுங்க்கா, ஞானஸ்நானமா குடுக்கற” என்று சிரித்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சோறு போட்டபின் சொல்லலாம் என்று நினைத்தேன். சோறு போட்டேன். கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று அவன் பேசிக்கொண்டே இருந்தான். பாத்திரம் கழுவிவிட்டுச் சொல்லலாம் என்று பின்பக்கம் போனேன். வந்து பார்த்தால் கூடத்தில் பாயைப் போட்டுத் தூங்கிவிட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கைகள் இரண்டும் விரிந்து கிடக்கின்றன. உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடுகள், சில புதுசு. கயிறு இவனைக் கொன்றுவிடும் என்று இரண்டு வாரம் செத்துப் பிழைத்தேன். அந்தப் பயமே தேவலை. அது வராமலும் போயிருக்கலாம். இது வந்தாயிற்று, என் வாயில் இருக்கிறது, இவனுக்குத் தெரியாது.

சரசுவின் பெஞ்சு, ஏகாம்பரத்தின் கை, இவருடைய மீசை, நான் இன்று வைத்த குழம்பு, எல்லாம் அந்தக் கரையிலிருந்து வந்ததுதான். இவன் சோறும் அங்கேதான் இருந்தது. எங்களுக்கு வந்ததும் இவனிடமிருந்து போனதும் ஒன்றா என்று கேட்டால் எனக்குக் கணக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. மேஸ்திரி சொல்லித் தெரிவதைவிட, பெண் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போய் நின்று, கணுக்கால் தண்ணீரைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, நான் சொல்வது மேல்.

இன்றைக்குச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன். எழுதியாயிற்று.

புரண்டு படுக்கிறான். கயிற்றைத் தேடுகிறான், தலைமாட்டில்தான் இருக்கிறது.

“அக்கா, டீ வெக்கிறியா?”